சைக்கிள் கிடைத்துவிட்டது... பாதை கேட்பது எப்படி?

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அப்படியென்றால் பள்ளியில் வாங்கிய விலையில்லா மிதிவண்டியும் வாசலில் நிற்கும். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. 2005-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ, மாணவியருக்கும் விரிவானது. சைக்கிள் வந்துவிட்டது, சரி. அதை எந்தப் பாதையில் ஓட்டுவது?

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்களேன். திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (எண் 744) இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கேரளா செல்லும் லாரி, ராஜபாளையம்–தென்காசி பஸ், பள்ளிக்குப் போகும் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதே சாலைதான். கடை முன்னால் ஒரு கார் நின்றால் போதும், சைக்கிள் ஓட்டும் பிள்ளை நடு ரோட்டுக்கு வர வேண்டும். பின்னால் ஏர் ஹாரன் அலறும். பயந்துபோய் நாமே "வேணாம்மா, நான் பைக்கில் விடுறேன்" என்கிறோம். அரசு கொடுத்த சைக்கிள் வாசலிலேயே துருப்பிடிக்கிறது.

கொள்கை என்ன சொல்கிறது?

வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே முக்கியம் என்று 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. 2014-ல் சென்னை மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போக வேண்டும் என்று தனிக் கொள்கையே வகுத்தது. சைக்கிள் பாதையை எப்படி அமைப்பது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் தனி விதிமுறையே வைத்திருக்கிறது. ஆக, காகிதத்தில் குறை இல்லை.

அப்புறம் ஏன் பாதை வரவில்லை?

இங்கேதான் அரசியல் வருகிறது. கட்சி அரசியலைச் சொல்லவில்லை, இட அரசியலைச் சொல்கிறோம். சாலையின் அகலம் கூடப்போவதில்லை. சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் கொடுத்தால், யாரோ ஒருவர் பார்க்கிங்கை இழப்பார். பார்க்கிங்கை இழந்தவர் மறுநாளே கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார். சைக்கிளில் போகிறவர் எதுவும் கேட்காமல் ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவார். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 45 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடுகள் 5 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணிக்கையில் சைக்கிள்காரர்கள்தான் அதிகம், ஆனால் சத்தம் கேட்பது மறுபக்கத்தில்.

டெல்லியில் 2008-ல் பஸ்ஸுக்குத் தனித் தடமும் சைக்கிளுக்குத் தனிப் பாதையுமாக ஒரு சாலை திறக்கப்பட்டது. கார் ஓட்டுபவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் நடந்தது. கடைசியில் 2016-ல் அந்த பஸ் தடத்தை அரசே கலைத்தது. நெதர்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1970-களில் சாலை விபத்துகளில் குழந்தைகள் இறந்தபோது பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். இன்று சைக்கிள் பாதை என்றாலே உலகம் அந்த நாட்டைத்தான் காட்டுகிறது.

நம் மாநிலத்திலும் முன்னுதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். மாவட்ட நிர்வாகமும் அவர்கள் பக்கம் நின்றது.

முதலில், சாலை யாருடையது?

மனு கொடுத்தும் நடக்காமல் போக முக்கியக் காரணம், அது தவறான அலுவலகத்துக்குப் போவதுதான். இதை மட்டும் நினைவில் வையுங்கள்:

• தேசிய நெடுஞ்சாலை: தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்லது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. ஆணையத்தின் உதவி எண் 1033.

• மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள்: மாநில நெடுஞ்சாலைத் துறை. இந்தச் சாலைகளில் பள்ளம் இருந்தால் 'நம்ம சாலை' செயலியில் போட்டோவோடு பதியலாம்.

• ஊருக்குள் இருக்கும் தெருக்கள்: உங்கள் பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி.

எங்கே, எப்படிக் கேட்பது?

1. உங்கள் வார்டின் பகுதி சபா கூட்டத்துக்குப் போங்கள். பத்து பெற்றோர் சேர்ந்து போனால் பேச்சுக்கு எடை கூடும்.

2. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மையத்தை 1100-ல் அழைக்கலாம். மனு எண்ணை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாலைப் பணிக்கு ஒதுக்கிய நிதியில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

என்ன கேட்பது?

"சைக்கிள் பாதை வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தெரு, எங்கிருந்து எதுவரை, எந்த நேரம் என்று எழுதுங்கள். சின்ன ஊருக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் பாதை தேவையில்லை. பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் வாசலருகே பார்க்கிங் தடை, பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வேகத்தடை, நெடுஞ்சாலைக்கு இணையாகப் போகும் உள்தெருவில் விளக்கு, பள்ளமில்லாத தளம் இவை போதும். உள்தெரு பாதுகாப்பாக இருந்தால் பிள்ளை நெடுஞ்சாலைக்கே போக வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது நம் கையில்தான். நாளைக்குக் கடைக்குப் போகும்போது உங்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்த ஓரத்தில்தான் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை சைக்கிளில் வந்துகொண்டிருக்கும்.