ஜானகி டீச்சருக்கு ஒரு நமஸ்காரம்

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போனால், திருவான்மியூருக்குச் சற்று முன்பு பாலவாக்கம் வரும். அந்தக் காலத்தில் அது எங்கள் செங்கல்பட்டு ஜில்லா. பெயரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்!

மோகன் என்ற இளைஞர் 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய நாடகம் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. அதிலிருந்துதான் அவர் 'கிரேஸி' மோகன் ஆனார். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர், வேலையை விட்டு எழுத்தை நம்பினார். மேடை நாடகம், டி.வி. தொடர், 'அவ்வை சண்முகி' (1996) போன்ற படங்களுக்கு வசனம் என்று எழுதிக் குவித்தார். மாமியார், குழந்தைகளோடு உட்கார்ந்து கூச்சமில்லாமல் சிரிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் அவரை மேடையேற்றியவர் ஜானகி டீச்சர். அந்த நன்றிக்காகத் தம் நாடகக் கதாநாயகிகளுக்கு ஜானகி என்றே பெயர் வைத்தார். 2019-ல் அவர் காலமானார். ஜானகி இன்னும் மேடையில் இருக்கிறாள்.

என் பையன் எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவான். "போய்ப் படிடா" என்று அதட்டி அதட்டி, ஒருநாள் நிறுத்தியே விட்டான். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நேற்று நானே, "பேசிக் காட்டேன்டா கண்ணா" என்று கேட்டேன். முதலில் தயங்கினான். அப்புறம் என்னைப் போலவே, "போய்ப் படிடா!" என்றான்.