துப்பாக்கிக் கரிப்படிவு

துப்பாக்கிக் கரிப்படிவு என்பது, சுடும்போது எரிந்த மருந்தின் எச்சம் குழலிலும் உட்பாகங்களிலும் ஒட்டிக்கொள்வதாகும். எந்த வகை மருந்து எரிந்தது என்பதைப் பொறுத்துப் படிவின் தன்மையும் அதை நீக்கும் முறையும் மாறும்.

கரிமருந்தின் படிவு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையினர் அவ்வப்போது பறிமுதல் செய்கின்றனர். குழலின் வாய்வழியே மருந்தை இட்டு இடித்து நிரப்பும் துப்பாக்கிகளில் பயன்படுவது கரிமருந்து. அதன் மரபான கலவை வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 விழுக்காடு. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மப் பொருளாகிறது. அதில் ஒரு பகுதி புகையாக வெளியேறும். மீதி குழலில் தங்கும். இந்த உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். இவை நீரில் கரைவதால், சுடுநீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். படிவில் தணல் எஞ்சியிருந்தால், அடுத்து இடும் மருந்து கையருகிலேயே தீப்பற்றலாம்.

அரைத் தானியங்கியில் படிவு

1884இல் பிரான்சின் பால் வியே உருவாக்கிய புகையற்ற மருந்து மிகக் குறைவான திண்ம எச்சத்தையே விடும். ஆனால் வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கிச் சிதறு துப்பாக்கியில், குழலின் சிறு துளைகள் வழியே வரும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த விசையே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றுகிறது. பிஸ்டனிலும் துளைகளிலும் கரி இறுகினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். பிரௌனிங் ஆட்டோ-5 பின்னுதைப்பால் இயங்குவதால் அதில் இச்சிக்கல் குறைவு.

நீக்கும் முறை

1. தோட்டாக்களை அகற்றி, அறையும் தோட்டாக்கூடும் காலியா எனக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும்.
2. தயாரிப்பாளரின் கையேட்டின்படி பிரிக்க வேண்டும்.
3. காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன், கரைப்பானைப் பூசி ஊறவிட்டு நைலான் அல்லது வெண்கலத் தூரிகையால் தேய்க்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் பரப்பு கீறும்.
4. துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் கரியுடன் சேர்ந்து பிசினாகும்.
5. எச்சத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும், தொழிலாகச் செய்யவும் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை. உரிமம் பெற்ற தொழிற்சாலைகளின் குழல்கள் அழுத்தச் சோதனைக்குப் பின்னரே விற்பனைக்கு வருகின்றன. அச்சோதனை காணாத நாட்டுக் குழலை எவ்வளவு சுத்தம் செய்தாலும், சுடுபவரின் கையிலேயே அது வெடிக்கும் ஆபத்து நீங்காது.