அகலப் பாதமும் தகரக் கூரையும்

பூண்டுலோயாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கொழுந்தெடுக்கிற எங்க அம்மாவுக்குக் கடைச் சப்பாத்து ஒண்ணுமே சேருதில்ல. நீளம் சரியா இருந்தா அகலம் பத்தல. எங்க ஆளுகளுக்குப் பிறவியிலேயே இப்படித்தானா?”

பிறவி என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களையும் செருப்போடு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. வெறுங்காலர்களின் முன்பாதமே அகன்றிருந்தது. இரு தரப்பும் இந்தியர்தான். ஆனால் அதே ஆய்வில் மேற்கத்தியரின் ஒடுங்கிய பாதம் இரண்டிலிருந்தும் விலகி நின்றது. ஆகவே பரம்பரையை அடியோடு தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் மனிதரை இனவாரியாக அளக்கும் அளவுநாடாவுக்குப் பழைய பாவம் ஒன்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மண்டையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் அந்தச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகளும் போட்டார். அதோடு விடுவோம். நைஜீரியாவின் இக்போ மக்களிடம் இன்று பாதம் அளப்பவர்களுக்கு வேறு வேலை: அடையாளம் தெரியாத உடலின் உயரத்தைக் கணிப்பது. பாத நீளம் உயரத்தில் ஏறத்தாழ 15 வீதம். 24 செ.மீ. பாதமென்றால் 160 செ.மீ. ஆள் என்று கணக்கு சொல்லும். சில சென்டிமீட்டர் பிசகும். ஓரினத்தின் சூத்திரம் இன்னோரினத்துக்கு அப்படியே பொருந்தாது. ஓரினத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் எவ்வளவோ வேறுபாடு!

அளவுகளைவிட எனக்குப் பிடித்த சங்கதி பாதத்தின் குறுக்கு வளைவு. லயத்துக் கூரைத் தகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் தகடு தொய்யும்; குறுக்கே நெளிவு போட்டால் நீளவாக்கில் விறைக்கும். நெளிந்த தகட்டை மடக்க வேண்டுமானால் அதை இழுத்து நீட்டவும் வேண்டும். உலோகம் அதற்கு லேசில் இணங்காது. பாதமும் இதே வித்தையைத்தான் செய்கிறது. நடுப்பாத எலும்புகள் குறுக்கே வில்லாக நிற்கின்றன. எடை விழுந்தால் அவை விரியப் பார்க்கும், இடையிலுள்ள தசைநார்கள் இழுத்துப் பிடிக்கும். பாதத்தின் விறைப்பில் 40 வீதத்துக்கு மேல் இந்த வளைவின் உபயம் என்று வெங்கடேசன், பண்டி, மாந்த்ரே குழுவினர் 2020இல் காட்டினார்கள். மலைச்சரிவில் குதிகாலைத் தூக்கி உந்தும்போது பாதம் நடுவில் மடிந்துபோகாதது இதனால்தான். இந்தத் தகரத்துக்கு ஆணி வேண்டாம், துருவும் ஏறாது. ஒழுகுகிறதென்று தோட்டத் துரையிடம் மனுக்கொடுக்கவும் தேவையில்லை.

உடனே ‘வெறுங்கால் உணர்வு தரும்’ சப்பாத்தை யானைவிலைக்கு விற்பவர்கள் வருவார்கள். தோட்டங்களில் கொக்கிப்புழு ஏறியதும் வெறுங்கால் வழியாகத்தான் என்பது அவர்கள் விளம்பரத்தில் இருக்காது. ஆனாலும் 1992இல் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் கால்தடத்தில் கண்டதைத் தள்ள முடியாது: காலணியோடு வளர்ந்தோரில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோரில் 2.8. விரல் மூடிய சப்பாத்துக்காரர்களிடமே அது அதிகம்.

அம்மாவை மாலையில் தாள்மேல் நிற்கவைத்து இரு பாதங்களையும் வரையுங்கள். பெரிய காலுக்கு, அகலம் பார்த்து வாங்குங்கள்.