மேற்குன்று (நடுமூளை)

மேற்குன்று என்பது பாலூட்டிகளின் நடுமூளைக் கூரையில் இடமும் வலமுமாக அமைந்துள்ள இணை மேடுகளுள் ஒன்றாகும். இதன் இலத்தீன் பெயரான சுப்பீரியர் கோலிகுலஸ் என்பதற்கும் 'மேலுள்ள சிறு குன்று' என்றே பொருள். பார்க்கும் பொருள் எது என்பதை விட, அது எங்கே உள்ளது, எப்படி நகர்கிறது என்பதை அறிந்து கண்ணையும் தலையையும் அதை நோக்கித் திருப்புவதே இதன் முதன்மையான பணியாகும்.

அமைப்பு

மேற்குன்று பல அடுக்குகளால் ஆனது. மேலடுக்குகள் விழித்திரையிலிருந்து நேரடியாகச் செய்தி பெறுகின்றன. ஆழ்ந்த அடுக்குகளில் ஒலி, தொடுவுணர்வு ஆகியவை பற்றிய செய்திகளும் வந்து சேர்கின்றன. அங்கிருந்து கண், கழுத்துத் தசைகளை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளுக்குக் கட்டளைகள் செல்கின்றன. சுண்டெலியின் விழித்திரையிலிருந்து புறப்படும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மேற்குன்றை அடைகின்றன. குரங்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இங்கு வருகிறது. அவற்றில் பெரும்பாலான இழைகள் தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குச் செய்தி அனுப்புகின்றன.

அசைவை அறிதல்

அசைவை அறியும் வேலை விழித்திரையிலேயே தொடங்குகிறது. ஒரு குறிப்பிட்ட திசையில் நகரும் பொருளுக்கு மட்டும் வலுவாகத் துலங்கும் நரம்பணுக்கள் முயலின் விழித்திரையில் இருப்பதை ஒரேசு பார்லோ, வில்லியம் லெவிக் ஆகியோர் 1965இல் விரிவாக விளக்கினர். மேற்குன்றிலும் இத்தகைய அணுக்கள் உள்ளன. தலைக்கு மேல் விரைந்து பெரிதாகும் கரிய வட்டத்தைக் கண்டால் சுண்டெலி ஓடி ஒளிகிறது அல்லது அசையாமல் உறைந்து நிற்கிறது என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலிருந்து பாயும் பருந்திடமிருந்து தப்ப இத்துலங்கல் உதவும். இதில் மேற்குன்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

குருட்டுப்பார்வை

முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் குண்டுக்காயமுற்ற வீரர்களை ஜார்ஜ் ரிடாக் ஆராய்ந்தார். பார்வைப் புறணி சிதைந்த அவர்களுள் சிலர், பார்வை இழந்த பகுதியில் பொருளைக் காணாவிடினும் அதன் அசைவை உணர்ந்தனர். இதை அவர் 1917இல் வெளியிட்டார். 1970களில் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் ஆராய்ந்த ஒருவர், எதுவும் தெரியவில்லை என்று கூறிக்கொண்டே ஒளிப்புள்ளி இருந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகச் சுட்டினார். இந்நிலை குருட்டுப்பார்வை எனப்படுகிறது. மேற்குன்றிலிருந்து தலாமஸ் வழியே அசைவுக்குரிய புறணிப் பகுதியை அடையும் பாதையும், தலாமஸிலிருந்து அப்பகுதிக்கு நேரே செல்லும் பாதையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இதற்கு மாறான நிலையும் உண்டு. அசைவுக்குரிய புறணிப் பகுதி பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் அறிக்கை வெளியானது. அவருக்குப் பொருள்கள் தெரிந்தன. ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பது போலத் தோன்றியது. தெருவைக் கடப்பதும் அவருக்குக் கடினமாயிற்று. ஆகவே, அசைவுக்கு உடனே துலங்குவது ஆழ்மூளையால் இயலும். அசைவைக் கண்டதாகத் தெளிவாக உணரப் புறணியின் துணையும் வேண்டும்.