பார்லியும் நம் கரிசல் குதிரைவாலியும்

சிவகாசி, விருதுநகர் கடைவீதிகளில் பார்லி அரிசி கேட்டு வருபவர்கள் சர்க்கரை நோய்க்கு, கொழுப்புக்கு, கால் வீக்கத்துக்கு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பார்லி நல்ல தானியந்தான். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து குடலில் கூழ்போல் நின்று, சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. இரத்தக் கொழுப்பையும் குறைக்கிறது. ஆனால் அந்த நாரில் பெரும்பகுதி தானியத்திலேயே தங்கிவிடும். வெந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மணியைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினால், பலன் மாட்டுக்குத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளின் வீக்கத்துக்குப் பார்லிக் கஞ்சி கொடுத்து நாள் கடத்துவது ஆபத்து. முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பார்லி வடநாட்டுப் பனிக்காலப் பயிர். இராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் விளைவது. நம் கரிசலுக்கு ஏற்றது குதிரைவாலி. திருச்சுழி, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் புரட்டாசியில் மானாவாரியாக விதைத்து, சுமார் நூறு நாளில் அறுக்கிறோம். பிறகு களத்திலேயே மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிட்டு, வீட்டுக்குத் தீட்டிய அரிசியும் நோயாளிக்குப் பார்லியும் விலைக்கு வாங்குகிறோம். இது என்ன கணக்கோ!

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமில் நார்ச்சத்து தீட்டிய அரிசியில் 0.2 கிராம், பார்லியில் 3.9, குதிரைவாலியில் 9.8. புரதத்தில் பார்லிதான் உயர்வு: 11.5 கிராம், குதிரைவாலியில் 6.2. எனவே குதிரைவாலிச் சோற்றோடு துவரையோ, பாசிப்பயறோ, தட்டைப்பயறோ சேர வேண்டும். விடியலில் பட்டாசு ஆலைக்குப் பஸ் ஏறும் பெண்களுக்கு இந்தச் சோறும் பருப்பும் தூக்குவாளியில் இருந்தால் பசி தாங்கும். இதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ தொட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் அளவோடு உண்ண வேண்டும். குவித்து வைத்துத் தின்றால் குதிரைவாலியும் சர்க்கரையை ஏற்றும். மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இத்தனை சத்தும் ஆலையில் கைவிட்டுப் போவதுதான் வருத்தம். உமி நீக்கினால் போதும். "வெள்ளையாக வேண்டும்" என்று திரும்பத் திரும்பத் தீட்டச் சொன்னால் நாரும் இரும்பும் தவிட்டோடு போய்விடும். மிஞ்சுவது அரிசியைப் போன்ற மாவுச்சத்து. சாம்பல் நிறம் தங்கிய குதிரைவாலியே நல்லது. கடையில் வாங்குவோரும் இதைப் பார்த்து வாங்கலாம்.

இந்த அறுவடையில் வீட்டுச் செலவுக்கு இரண்டு மூட்டையாவது ஒதுக்கி வையுங்கள். நன்றாகக் காயவைத்து, உமியோடு வைத்தால் நெடுநாள் கெடாது. உமி நீக்கிய தானியம், தவிட்டிலுள்ள எண்ணெயால் விரைவில் சிக்குவாடை அடிக்கும். ஆகையால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குத்திக்கொள்ளுங்கள். ஊறவைத்து அவித்து, நிழலில் உலர்த்திக் குத்தினால் நொய் குறைவாக விழும்.