கறண்ட் வராத வளவில் குளிர்ப்பெட்டி

காணி திரும்பக் கிடைத்துக் கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்களும், இன்னும் உறவினர் வளவிலோ முகாமிலோ காலங்கழிக்கும் குடும்பங்களும் எம்மிடம் அடிக்கடி கேட்கின்ற ஒரு கேள்வி உண்டு. பற்றறியில் வேலைசெய்யும் சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கலாமா? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோ சகோதரமோ காசு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். கடைக்காரரும் நல்ல சாமான் என்கிறார். வீட்டில் இன்சுலின் போடுகிற ஒருவர் இருப்பார், அல்லது மாட்டில் பின்னேரம் கறந்த பால் காலைக்குள் திரைந்துவிடும். ஆகவே இது ஆடம்பரத்துக்காகக் கேட்கும் கேள்வியல்ல. காசைக் கொடுக்க முன்னர் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

மேலை நாடுகளில் கோடை விடுமுறைக்குக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்களுக்காகவே இந்தப் பெட்டிகள் செய்யப்பட்டன. இரண்டு மூன்று நாளைக்கு இறைச்சியும் குளிர்பானமும் கெடாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும். பகலில் காரை ஓட்டும்போது பற்றறியும் நிரம்பிவிடும். எங்கள் சனம் தறப்பாளுக்குக் கீழே இருந்தது விடுமுறைக்காக அல்ல, மாதக்கணக்காக, சிலர் வருடக்கணக்காக. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டே பெட்டியைப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே மூன்று வகை உண்டு.

விலை குறைந்ததும் கடைகளில் முதலிற் காட்டப்படுவதும் முதலாவது வகை. 1834 இல் பெல்ரியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட ஒரு விஷயமே இதன் அடிப்படை. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து அவற்றினூடாக மின்சாரத்தைச் செலுத்தினால் சேருமிடம் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இன்றைய பெட்டிகளில் உலோகத்துக்குப் பதிலாக ஒரு சிறிய தகடும், சூட்டை வெளியே தள்ள ஒரு விசிறியும் இருக்கும். பாரம் இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் வெளிவெப்பத்திலிருந்து ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் மட்டுமே இதனால் குறைக்க முடியும். நல்ல மரநிழலில் 35 பாகை என்றால் பெட்டிக்குள் 15 பாகை. தகரக் கூரைக்குக் கீழே 40 பாகையைத் தாண்டும் மத்தியானத்தில் 20 பாகைக்கு மேல். பாலையும் மீனையும் பாதுகாக்க 4 அல்லது 5 பாகை வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். இன்னொன்று, இந்த வகைப் பெட்டிகளிற் பெரும்பாலானவை குளிர்ந்த பிறகும் ஓய்வெடுப்பதில்லை. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, காஸிலோ மண்ணெண்ணெயிலோ வேலைசெய்யும் வகை. நெருப்பால் குளிரை உண்டாக்கும் இந்த முறையைச் சுவீடன் நாட்டு மாணவர்களான பிளாற்றனும் முண்டர்சும் 1922 இல் கண்டுபிடித்தார்கள். அமோனியாவும் நீரும் ஐதரசனும் குழாய்க்குள் சுற்றி வரும். அசையும் பாகம் எதுவுமில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி மருந்துகளை நெடுங்காலம் காப்பாற்றியது இந்த மண்ணெண்ணெய்ப் பெட்டிதான். ஆனால் இதை மட்டமாக வைக்காவிட்டால் சரியாகக் குளிராது. சுவாலை எரிகின்ற பெட்டியைக் காற்றோட்டமில்லாத கொட்டிலிலோ தறப்பாள் கூடாரத்திலோ வைத்துவிட்டுப் படுக்கவும் கூடாது. அதிலிருந்து வெளிவரக்கூடிய காபன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை நிறமுமில்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மூன்றாவது வகையில், வீட்டுப் பிறிட்ஜில் இருப்பது போன்ற சின்ன கொம்பிறெசர் 12 வோல்ற்றில் ஓடும். விலை கூட. ஆனால் வெயிற் காலத்திலும் 4 பாகைக்கு இறக்கும். ஐஸ் கட்டியாக்கவும் முடியும். வேண்டிய குளிர் வந்ததும் தானாக நின்றுவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 50 வோற்றுப் பெல்ரியர் பெட்டி 24 மணித்தியாலமும் ஓடினால் ஒரு நாளைக்கு 1,200 வோற்று மணி வேண்டும். 45 வோற்றுக் கொம்பிறெசர் பெட்டி அரைவாசி நேரம் ஓடினால் 540 போதும். ஒரு 60 அம்பியர் மணிப் பற்றறியில் இருப்பது 720. அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றறி பழுதாகும் என்பதால் எடுக்கக்கூடியது 360 மட்டுமே. ஆகவே மலிவான பெட்டி ஏழு மணித்தியாலத்தில் பற்றறியை வெறுமையாக்கிவிடும். இராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் விடிய முன்னரே நின்றுவிடும்! மலிவு என்று வாங்கி, ஒவ்வொரு நாளும் பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சார்ச் செய்யப் போவதிலேயே காசு கரையும். எமது அபிப்பிராயம் இதுதான்: எங்கள் வெப்பத்துக்குப் பெல்ரியர் பெட்டி உதவாது. பிள்ளை காசு அனுப்புவதாயின், எந்த வகை என்று முதலிற் கேட்டறியுங்கள்.

கொம்பிறெசர் பெட்டிக்குச் சோலர் தகடு வைப்பதாயின் 150 வோற்றுக்குக் குறையக் கூடாது. நல்ல வெயிலில் ஐந்து மணித்தியாலம் முழுதாக வேலைசெய்தாலும் சூட்டாலும் வயராலும் கால்வாசி போய்விடும். மிஞ்சுவது 560 அளவில். அது பெட்டிக்குச் சரி, மாரியின் மூடலான நாட்களுக்குப் போதாது. வான் ஸ்ராட் பண்ணுகிற பற்றறியை இதற்குக் கொடுக்காதீர்கள். அது ஒரு கணம் பலமாக இழுக்கச் செய்யப்பட்டது, மெதுவாக வெறுமையாக்கினால் சில மாதத்திற் செத்துவிடும். சோலருக்கென்று விற்கின்ற பற்றறியே வேண்டும். வயர் கட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். மெல்லிய நீள வயரில் வோல்ற்று இறங்கினால் பெட்டி ஓடாமல் நின்றுவிடும். இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியே தாங்குவது கடினம். பால் கறக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் அது வேறு கணக்கு.

காசில்லாத குளிரும் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சுகின்ற வெப்பத்தைப் போல ஏழு மடங்கை ஒரு லீற்றர் தண்ணீர் காற்றில் உலரும்போது எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனாலேயே. எங்கள் பாட்டிமாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, பலன் தெரியும்.

நைஜீரியாவின் வடக்கில் மொகமட் பா அப்பா என்ற ஆசிரியர், குயவர் குடும்பத்திற் பிறந்தவர், 1995 தொடக்கம் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, மேலே ஈரச்சாக்கால் மூடும் முறையைக் கிராமங்களிற் பரப்பினார். மூன்று நாளில் வாடிய கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் இருந்ததாக அங்கே பதிவாகியுள்ளது. அவருக்கு 2000 ஆம் ஆண்டில் றோலெக்ஸ் விருது கிடைத்தது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் இதையே பெரிதாக்கி, இரட்டைச் செங்கற் சுவரின் நடுவே ஏழரை சென்ரிமீற்றருக்கு மணல் நிரப்பி, ஏறக்குறைய 100 கிலோ மரக்கறி வைக்கக்கூடிய அறையை அமைத்தார்கள். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

அந்த 27 நாளை எங்கள் ஊரில் எதிர்பார்க்க வேண்டாம். நைஜீரியாவின் வடக்கு பாலைவனக் காற்று வீசுமிடம். இங்கே 35 பாகை வெப்பமும் காற்றில் பாதி ஈரமும் உள்ள நாளில் எவ்வளவு திறமாகச் செய்தாலும் 26 பாகைக்குக் கீழே போகாது. 27, 28 வந்தால் நல்லது. வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகமும் கச்சானும் வீசும் காலத்தில் இது பலன் தரும். ஐப்பசி மழை தொடங்கினால் பானை வெறும் பானைதான். கொடியிற் போட்ட ஈரத்துணி விரைவாகக் காய்கிற நாளில் பானையும் குளிரும், துணி காயாத நாளில் பானையும் குளிராது.

பானைகள் மெருகு பூசாதவையாக இருக்கட்டும். இடைவெளி மூன்று விரல் அகலம். மணலைக் கழுவி நிரப்புங்கள். மூன்று கல்லின் மேல், வேப்பமர நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மூலையில் ஒளித்து வைத்தால் குளிராது. காலையும் பின்னேரமும் மணலை நனைக்க நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீர் செல்லும். பவுசரில் தண்ணீர் வரும் இடத்தில் அதுவும் யோசிக்க வேண்டிய விஷயமே. மூடுவதற்குச் சணற் சாக்குத்தான் வேண்டும். உரப்பை தண்ணீரை உறிஞ்சாது. யாழ்ப்பாணத்துச் சவர்த்தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் பானையின் வெளிப்புறத்தில் வெள்ளை படியச் செய்து கண்களை அடைத்துவிடும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள்.

கீரை, வல்லாரை, கத்தரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய் இவற்றுக்கு இது நல்ல இடம். பின்னேரம் பிடுங்கியதைக் காலைச் சந்தைக்கு வாடாமல் கொண்டுபோனால் நிறையும் குறையாது, விலையும் குறையாது. வெங்காயத்தையும் உள்ளியையும் வைக்காதீர்கள், ஈரத்தில் அழுகும். மீனும் இறைச்சியும் 27 பாகையிற் கெட்டே தீரும். பாலுக்கு இது ஒன்றிரண்டு மணித்தியாலம் கூடத் தரும், அவ்வளவே.

இன்சுலின் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிறிட்ஜ் இல்லாத காரணத்தால் ஒரு போத்தல் இன்சுலினைக் கடைக்காரர் வீட்டிற் கொடுத்து வைத்து, காலையும் மாலையும் ஊசி போட நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். கடை பூட்டிய அன்று ஊசி இல்லை. இந்த அலைச்சல் பெரும்பாலும் தேவையற்றது. திறக்காத போத்தல்கள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது சரி. பாவனையிலுள்ள போத்தலை வெயில்படாத அறை வெப்பத்தில் நாலு கிழமை வரை வைத்திருக்கலாம் என்றே பெரும்பாலான வகைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அறை வெப்பம் என்பது 25 அல்லது 30 பாகை. எங்கள் கொட்டிலில் அது மிஞ்சும் என்ற பயம் நியாயமானதே. கென்யாவின் டகஹாலே அகதி முகாமில், இரவு 25 பாகையும் பகல் 37 பாகையுமாக மாறும் வெப்பத்தை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021 இல் வெளியானது. அந்த வெப்பத்தில் நாலு கிழமை இருந்த இன்சுலினும் குளிரில் இருந்த இன்சுலினும் ஒரே பலத்தோடு இருந்தன.

ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கிளினிக்கில் எடுத்து, போத்தலை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, மேலே சொன்ன இரட்டைப் பானைக்குள் வைக்கலாம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். உங்கள் வகை எது, எத்தனை நாள் என்பதை டொக்டரிடமோ தாதியிடமோ கேட்டே செய்யுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினால், அல்லது கலங்கல் மருந்து உருட்டியும் கட்டி கரையாவிட்டால் போட வேண்டாம். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவே வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பழுது, பிறகு இளகினாலும் பழுதுதான். சில தடுப்பூசி மருந்துகளும் இப்படித்தான், சூட்டைவிட உறைவதற்கே கூடப் பயம்.

மீனுக்கு ஐஸ்தான். 40 லீற்றர் அளவான றெஜிபோம் பெட்டி, இரண்டு அங்குலத் தடிப்பு, மூடி அடிக்கடி திறக்காமல் இருந்தால் நாளொன்றுக்கு 4 அல்லது 5 கிலோ ஐஸ் உருகும். றெஜிபோம் கிடைக்காவிட்டால் ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொன்றை வைத்து நடுவில் உமியை நெருக்கி நிரப்புங்கள். காய்ந்த உமி றெஜிபோமுக்குக் கிட்டத்தட்டச் சமம். நனைந்த உமியாற் பயனில்லை, ஆகவே பொலித்தீனில் கட்டிப் போடுங்கள். 1833 இல் அமெரிக்காவின் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்கு நாலு மாதக் கடற்பயணத்தில் 180 தொன் ஐஸ் வந்தபோது 100 தொன் அளவு கரையாமல் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்ததும் அந்த வியாபாரத்தினாலேயே.

பின்னேரப் பாலுக்கு, பெட்டி வரும்வரை, கறந்த உடனே வடித்து, மூடிய அலுமினியப் பாத்திரத்தை புதிதாக இறைத்த கிணற்றுத் தண்ணீரில் கழுத்தளவுக்கு இறக்கி, இடையிடையே கலக்கி, தண்ணீர் இளஞ்சூடானதும் மாற்றுங்கள். சூடு பாலை விட்டு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்கு அது தாங்கும். அப்படியும் சேகரிப்பு நிலையம் காலையில் மட்டும் எடுக்குமாயின், பின்னேரப் பாலைக் காய்ச்சித் தயிராக்குவதே இப்போதைக்கு இலாபம்.

மாரி தொடங்கியதும் பானையிலுள்ள மணலைக் கொட்டி, இரண்டையும் கழுவி வெயிலிற் காயவைத்து, கவிழ்த்து எடுத்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் பூஞ்சணம் பிடித்து அடுத்த சோளகத்துக்கு மணக்கும்.