வசந்த கால ஜாக்கெட்: காலை 6 டிகிரி, மதியம் 15... எதை வாங்கலாம், எப்படி அணியலாம்?

நம்மூரில் ‘ஜாக்கெட்’ என்றால் புடவைக்குத் தைக்கும் ரவிக்கை. ஆனால், வேலைக்கோ மேற்படிப்புக்கோ லண்டன் கிளம்பும் பெண்ணுக்கு அதே சொல் வேறொரு கவலையாக மாறிவிடுகிறது. மார்ச் கடைசியில் அங்கே போய் இறங்கினால், மேலே எதைப் போடுவது?

“குளிர் நாடாச்சே” என்று இங்கேயே ஒரு தடிமனான பஃபர் ஜாக்கெட்டை வாங்கி, பெட்டியில் பாதி இடத்தை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள் பலர். ஏப்ரல் நடுவில் அது அறைக்கதவின் கொக்கியில் தொங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அங்கே பவுண்டில் இன்னொன்று வாங்க வேண்டும். முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன் இது சின்னச் செலவு இல்லை. ஒரே ஜாக்கெட் வாங்கினாலும் அதைச் சரியாக வாங்குவது எப்படி?

தடிமன் ஏன் உதவாது?

லண்டனில் ஏப்ரல் மாதத்தின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ். குறைந்தபட்சம் சுமார் 6 டிகிரி. காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது காது சில்லிடும். சுரங்க ரயிலில் ஏறினால் நெரிசலில் வியர்க்கும். மதியம் வெயில் அடிக்கும், நிழலுக்குள் வந்தால் மறுபடி குளிரும். சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தூறல். ஒரே நாளில் மூன்று பருவம்!

இதற்கு ஐரோப்பாவில் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழி, அடுக்கு உடை. ஜெர்மானியர்கள் இதை ‘வெங்காயத் தோற்றம்’ என்றே சொல்வார்கள். உள்ளே பருத்தி டீ-ஷர்ட் அல்லது குர்தா, நடுவில் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், வெளியே ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சூட்டைப் பிடித்து வைப்பது நடுவில் இருக்கும் ஸ்வெட்டரின் வேலை. ஜாக்கெட்டின் வேலை காற்றையும் தூறலையும் தடுப்பது மட்டுமே. இதைப் புரிந்துகொண்டால், கடையில் “எது தடிமனா இருக்கு?” என்று கேட்க மாட்டீர்கள். “காற்று உள்ளே போகுமா? ஸ்வெட்டருக்கு மேலே போட முடியுமா? கழற்றினால் கையில் மடித்து வைத்துக்கொள்ள முடியுமா?” என்றுதான் கேட்பீர்கள்.

ஐந்து வகைகள், ஐந்து வேலைகள்

டிரெஞ்ச் கோட்: டிரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அணிந்ததால் வந்த பெயர். தோளில் இருக்கும் பட்டையும் மணிக்கட்டில் இருக்கும் பெல்ட்டும் அந்த ராணுவ உடையின் மிச்சங்கள். தாமஸ் பர்பெரி 1879-ல் உருவாக்கிய கேபர்டீன் துணி இதற்குப் பெயர்போனது. நெருக்கமாக நெய்த துணி என்பதால் காற்று எளிதில் புகாது, தூறலும் உடனே இறங்காது. முழங்கால் வரை நீளம் இருப்பதால் குர்தாவுக்கும் பொருந்தும்.

டெனிம் ஜாக்கெட்: மழை இல்லாத, 15 டிகிரியைத் தாண்டிய நாட்களுக்கு நல்ல துணை. ஆனால் இது பருத்தி. நனைந்தால் கனக்கும், காய நேரமெடுக்கும். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் வேண்டாம்.

பாம்பர்: 1950-களில் அமெரிக்க விமானப்படையினர் அணிந்த எம்.ஏ.-1 மாடல்தான் இன்றைய பாம்பர்களுக்கு முன்னோடி. உள்பக்கம் பளிச்சென்ற ஆரஞ்சு லைனிங் வைத்தது ஃபேஷனுக்காக அல்ல. விபத்தில் சிக்கிய விமானி, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் மீட்புக்குழுவின் கண்ணில் படுவார் என்பதற்காக. நைலான் என்பதால் எடை குறைவு. இடுப்பிலும் மணிக்கட்டிலும் இருக்கும் பின்னல் பட்டை காற்றைத் தடுக்கும்.

லெதர் பைக்கர்: 1928-ல் நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகத் தயாரித்த ‘பெர்ஃபெக்டோ’தான் இதற்கு முன்மாதிரி. காற்றுக்கு இதைவிடச் சிறந்த தடுப்பு இல்லை, மழைதான் ஆகாது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘பாலியூரித்தேன்’ அல்லது ‘பி.யு.’ என்று இருந்தால் அது தோல் இல்லை, பூச்சு பூசிய துணி. ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு சிதைந்து உரிந்துவரும். ஊருக்குத் திரும்பிச் சென்னை அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் உரியும். நிஜத் தோல்தான் வேண்டுமென்றால், கிளம்பும் முன் இங்கேயே விசாரிக்கலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள்தானே!

பிளேசர்: ஆபீஸ், இன்டர்வியூ, வார இறுதி மூன்றுக்கும் ஆகும். கழுத்துப்பட்டை இல்லாத பிளேசரும் உண்டு. 1954-ல் மீண்டும் ஃபேஷன் உலகுக்கு வந்த கோகோ ஷனெல் அந்த வகை ட்வீட் ஜாக்கெட்டைப் பிரபலமாக்கினார். துணி நேராக விழ வேண்டும் என்பதற்காக உள்பக்க ஓரத்தில் மெல்லிய சங்கிலி வைத்துத் தைத்தார்கள். காலர் வைத்த குர்தா அணிபவர்களுக்கு இந்த வகை வசதி. இரண்டு காலர்கள் ஒன்றோடொன்று மோதாது.

அளவு: முதலில் தோளைப் பாருங்கள்

கை நீளமாக இருந்தால் டெய்லர் குறைத்துத் தருவார். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பார். தோள் தப்பாக இருந்தால் மட்டும் கையையே பிரித்து எடுத்துத் தைக்க வேண்டும். அதற்கான கூலியில் இன்னொரு ஜாக்கெட் வாங்கிவிடலாம். ட்ரையல் ரூமில் பார்க்க வேண்டியவை:

- தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். ‘ஓவர்சைஸ்’ ஸ்டைல் என்றால் மட்டுமே கீழே இறங்கலாம்.
- இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இழுத்தால் ஒரு சைஸ் பெரியது எடுங்கள்.
- பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்குங்கள். ஆர்ம்ஹோல் பிடிக்கக் கூடாது.
- ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே போட்டுப் பாருங்கள். டீ-ஷர்ட் மேல் கச்சிதமாக இருக்கும் ஜாக்கெட், ஸ்வெட்டர் மேல் இறுகும்.
- பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பாருங்கள். பெண்கள் ஜாக்கெட்டில் பாக்கெட் பல நேரம் வெறும் கோடுதான்.

ஆன்லைனில் வாங்கினால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனின் 10, அமெரிக்காவில் ஏறக்குறைய 6, பிரான்ஸில் 38. அதுவும் பிராண்டுக்கு பிராண்டு மாறும். ரவிக்கை தைக்க டெய்லரிடம் ‘அளவு ஜாக்கெட்’ கொடுப்போமே, அதே வழிதான் இங்கும். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தளத்தில் இருக்கும் அளவு, துணியின் அளவா, உடம்பின் அளவா என்று பார்த்து ஒப்பிடுங்கள். துணியின் அளவு என்றால், ஸ்வெட்டருக்காக மார்பில் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும்.

குர்தா, புடவையோடு எப்படி?

வெளிநாடு போனதும் குர்தாவையும் புடவையையும் மூட்டை கட்டிவைக்க வேண்டியதில்லை. நீளத்தை மட்டும் கவனித்தால் போதும். முழங்கால் வரை வரும் குர்தாவுக்கு இடுப்போடு நிற்கும் டெனிம் அல்லது பாம்பர் அழகு. தொடை நடுவில் முடியும் ஜாக்கெட் போட்டால் உருவம் இரண்டாக வெட்டினாற்போல் தெரியும். ஒன்று குட்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் குர்தாவை மூடும் அளவு நீளமாக இருக்கட்டும். ஸ்லிட் வைத்த குர்தா காற்றில் பறக்கும் என்பதால், பலத்த காற்று நாளில் டிரெஞ்ச் கோட்டே நல்லது. துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முனைகளை உள்ளே விட்டால், தனியாக ஸ்கார்ஃப் எதற்கு?

புடவைக்கு முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, மேலே பெல்ட் கட்டாத நீளக் கோட்டு போடலாம். பெல்ட் கட்டினால் கொசுவம் உப்பித் தெரியும். உள்ளே ரவிக்கைக்குப் பதில் மெல்லிய ஹை-நெக் ஸ்வெட்டர் போட்டால் குளிரும் தாங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நிறம்? ஒரே ஜாக்கெட்தான் என்றால் நேவி ப்ளூ, ஆலிவ், காக்கி மூன்றில் ஒன்று. எல்லாக் குர்தாவோடும் ஒத்துப்போகும். “மாநிறத்துக்கு இது எடுபடாது” என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். முகத்தை ஒட்டி வருவது துப்பட்டாதான், உங்களுக்குப் பிடித்த நிறத்தை அங்கே வையுங்கள்.

வாங்கிய பிறகு

புது பிளேசர், கோட்டின் பின்பக்கத் திறப்பில் எக்ஸ் வடிவத்தில் ஒரு தையல் இருக்கும். அது டிசைன் இல்லைங்க, கடைக்கு வரும்வரை துணி மடங்காமல் இருக்கப் போட்டது. வெட்டி எடுத்துவிட வேண்டும். கையின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும் பிராண்ட் துண்டும் அப்படித்தான். தைத்து மூடியிருக்கும் பாக்கெட்டையும், உள்ளே பை இருந்தால், மெதுவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

லேபிளில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். கொட்டும் மழைக்கு ‘வாட்டர்புரூஃப்’ வேண்டும். நீர் ஒட்டாத பூச்சு உள்ள துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கிகளைச் சேர்க்காதீர்கள், அந்தப் பூச்சின் வேலை கெட்டுவிடும். தோல் ஜாக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். துணி உறையே போதும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

டிரெஞ்ச் கோட். இடுப்பளவு குட்டையாக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பாம்பர். பட்ஜெட் இடித்தால், ஆக்ஸ்ஃபாம் போன்ற அமைப்புகள் பிரிட்டன் முழுக்க நடத்தும் சாரிட்டி ஷாப்களில் ஒரு சுற்று சுற்றுங்கள். யாரோ கொஞ்ச நாள் போட்ட நல்ல கோட்டு, புதிதின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். பட்டன், ஜிப், அக்குள் பக்க லைனிங் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆகவே, ஊரிலிருந்து பெட்டியில் வைக்க வேண்டியது இரண்டு மெல்லிய ஸ்வெட்டரும் ஒரு டேப்பும்தான். மிச்ச இடத்தில் பருப்புப் பொடி வைக்கலாம்.